பரணில் கிடக்கும் லேப்டாப்... விண்டோஸ் புரோகிராம் லினக்ஸிலும் ஓடும்!

பிளஸ் டூ படித்த பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப், பல வீடுகளில் இன்று பரண்மேல் கிடக்கிறது. பிள்ளை வேலைக்குப் போயாச்சு. லேப்டாப் மட்டும் ‘ரொம்ப ஸ்லோ, வைரஸ் ஏறிடுச்சு’ என்ற பெயரோடு தங்கிவிட்டது. பால் கணக்கு, ஆள் கூலி, உழவர் உற்பத்தியாளர் குழுவின் உறுப்பினர் பதிவேடு எழுத அதுவே தாராளம்.

சிக்கல், உள்ளே இருக்கும் பழைய விண்டோஸில்தான். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்கும் தெம்பு இந்தப் பழைய லேப்டாப்களுக்குக் கிடையாது.

காசில்லாமல் கிடைக்கும் மாற்று, லினக்ஸ். அது நமக்குப் புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்கள் பலவற்றில், விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது ‘லினக்ஸ் மின்ட்’டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜி.பி ரேமிலேயே ஓடும். 4 ஜி.பி இருந்தால் இன்னும் நல்லது.

‘எங்க குழுவோட பத்து வருஷக் கணக்கும் ஒரு விண்டோஸ் சாஃப்ட்வேர்ல இருக்கே, அதை என்ன பண்றது?’ என்றுதான் பலரும் பின்வாங்குவார்கள். நியாயமான பயம்தான். அதற்கான பதில், ‘வைன்’ என்ற இலவச மென்பொருள்.

டிராக்டரின் லிங்க் பின்னும் கருவியின் துளையும் அளவு பொருந்தாவிட்டால், கலப்பையையே மாற்றுவதில்லை. நடுவில் ஒரு புஷ் போட்டு மாட்டுகிறோம். வைன் செய்வதும் அதுதான். ‘ஃபைலைத் திற, ஜன்னல் வரை, பிரின்ட் எடு’ என்று ஒரு புரோகிராம் விண்டோஸிடம் கேட்பதை, வைன் நடுவில் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் செய்து கொடுக்கிறது. லேப்டாப்புக்குள் முழு விண்டோஸை இன்னொரு முறை ஏற்றுவதில்லை என்பதால், பழைய கருவிக்குச் சுமை குறைவு. 1993-ல் தொடங்கிய இந்த வேலையின் 1.0 பதிப்பு வரவே 2008 ஆனது. விண்டோஸின் உள் விவரங்கள் பலவற்றையும் சோதித்துச் சோதித்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எல்லாமே ஓடிவிடுமா என்றால், இல்லை. வைன் திட்டத்தின் இணையதளத்தில், எந்த மென்பொருள் எப்படி ஓடுகிறது என்று பயன்படுத்தியவர்களே பிளாட்டினம் முதல் ‘கார்பேஜ்’ வரை தரம் போட்டு வைத்திருக்கிறார்கள். குப்பை என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள். உங்கள் சாஃப்ட்வேரின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். 16 பிட் காலத்துப் பழைய புரோகிராம்கள், இன்றைய 64 பிட் விண்டோஸில் திறக்காதவை, வைனில் திறப்பதும் உண்டு.

பழைய தமிழ் எழுத்துருக்களுக்கு வைனே தேவையில்லை. அந்த எழுத்துரு ஃபைலை லினக்ஸில் நேரடியாகவே போடலாம். தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸுக்கு உண்டு. இ-நாம், ஜி.எஸ்.டி போன்ற இணையதளங்களைப் பிரவுசரிலேயே பார்க்கலாம். உழவன் செயலி ஆண்ட்ராய்டுக்கானது என்பதால், அது வைனில் திறக்காது.

முதல் வேலை, கணக்கு ஃபைல்கள் அத்தனையையும் ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுப்பது. எடுத்த பேக்கப் வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி. லினக்ஸை இன்னொரு பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை, பிரின்டர் வேலை செய்தால் நிறுவலாம். பிறகு சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘வைன்’ என்று தேடி நிறுவி, உங்கள் புரோகிராமின் செட்டப் ஃபைலை அதன் மூலம் திறக்க வேண்டும். ஒரு மாதம் பழைய கணினியிலும் சேர்த்தே கணக்கு எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

லினக்ஸுக்கு மாறியாச்சு, வைரஸ் வராது என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். விண்டோஸ் வைரஸ் சில வைன் வழியாகவும் ஓடும். உங்கள் ஃபைல்களைத் தொடவும் அதனால் முடியும். தெரியாத இடத்திலிருந்து வந்த செட்டப் ஃபைலைத் திறக்காதீர்கள்.

வன்பொருளோடு ஒட்டிய வேலைகளில்தான் வைன் அதிகம் சறுக்கும். முக்கியமாக, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். அதன் விண்டோஸ் டிரைவரை வைனுக்குள் நிறுவிப் பயனில்லை. டோக்கன் கொடுத்தவரிடம் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், குழுவில் யாரிடமாவது உள்ள ஒரு விண்டோஸ் கணினியை அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.