மானுக்கும் உண்டு தலைக்கணக்கு!

ஆலங்குளம் சிமெண்டுக்குப் பேர் போன ஊர். அங்கே மூட்டைகளை எண்ணி லாரியில் ஏற்றிவிடலாம். பக்கத்துச் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளையும் எண்ணிவிடலாம். ஆனால், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் திரியும் மான்களை எண்ணுவது எப்படி?

மான் நின்று கொடுக்காது. சருகு சலசலத்தாலே பாய்ந்து ஓடிவிடும். ஒரே மானை இருவர் பார்த்து, இரண்டு என்று எழுதிவிடலாம். புதருக்குள் படுத்திருக்கும் மான் யார் கண்ணிலும் படாமலே போகலாம்.

எதற்காக இந்தக் கணக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைக் காடு 2021-ம் ஆண்டில் புலிகள் காப்பகம் ஆயிற்று. மிளாவும் புள்ளிமானும் புலியின் முக்கிய இரைகளில் சேர்ந்தவை. மான் குறைந்தால் புலி தங்காது. மான் குறைகிறதா, பெருகுகிறதா என்பது எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்?

தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமான்கள் உண்டு. அவற்றுக்காக 1987-ல் சரணாலயம் அமைத்தார்கள். வெளிமான் திறந்த வெளியில் மேய்வது. தூரத்தில் இருந்தே நேராக எண்ணலாம். அடர்ந்த காட்டிலோ அது நடக்காது. அங்கே கணக்குத்தான் கை கொடுக்கும்!

கோடு கிழித்து நடக்கிறார்கள்

காட்டுக்குள் நேர்கோடாகப் பாதை வகுத்து, விடியற்காலையில் மெதுவாக நடக்கிறார்கள். கண்ணில் பட்ட மான் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் விலகி நின்றது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். 10 கிலோ மீட்டர் நடந்தாயிற்று. கோட்டின் இரு பக்கமும் 25 மீட்டருக்குள் 6 மான்கள் தெரிந்தன. அதற்கு அப்பால், 25 முதல் 50 மீட்டருக்குள் 2 மான்கள்தான் தெரிந்தன. இரண்டு பட்டைகளும் ஒரே பரப்பு. ஆகவே அங்கேயும் 6 இருந்திருக்க வேண்டும். நாலு மான்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டன! பார்த்தது 8, இருப்பது 12 என்று முடிவு செய்கிறார்கள்.

நடந்து பார்த்த பரப்பு 1 சதுர கிலோ மீட்டர். காடு 100 சதுர கிலோ மீட்டர் என்றால், மொத்தம் 1,200 மான்கள். ஆனால் ஒரு கோடு போதாது. பல கோடுகள் வேண்டும். சுனை ஓரமாகவே நடந்தால் கணக்கு கெட்டுவிடும். தண்ணீருக்கு மான்கள் கூடுமல்லவா?

அடையாளம் வைத்து எண்ணும் முறையும் உண்டு. 20 மான்களுக்கு அடையாளம் இட்டு விடுகிறார்கள். பிறகு பார்த்த 30 மான்களில் 5-க்கு அடையாளம் இருக்கிறது. அதாவது ஆறில் ஒன்று. அப்படியானால் மொத்தம் 120! புழுக்கையை எண்ணியும் மதிப்பிடுகிறார்கள். புதிய புழுக்கையில் உள்ள மரபணுவைச் சோதித்தால், எந்த மானுடையது என்பதையும் பிரித்தறியலாம்.

பதினாலே பதினாலு!

இந்தக் கணக்கின் அருமையை மணிப்பூரில் பார்க்கலாம். அங்கே லோக்டாக் ஏரியில் செடிகளும் வேர்களும் பின்னி, மிதக்கும் தரையாகக் கிடக்கின்றன. அதற்குப் 'பும்டி' என்று பெயர். அதன்மேல் வாழ்வது 'சங்காய்' என்னும் அபூர்வ மான். வேறு எந்தக் காட்டிலும் அது கிடையாது.

1951-ல் சங்காய் பூண்டோடு அழிந்துவிட்டது என்றே கருதினார்கள். 1953-ல் மீண்டும் கண்ணில் பட்டது. 1975-ல் ஆகாயத்தில் இருந்து எண்ணினார்கள். கண்டது 14 மான்கள் மட்டுமே!

அந்த எண் பலரையும் உலுக்கியது. 1977-ல் கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்கா ஆயிற்று. 2016-ல் எண்ணியபோது 260 மான்கள் இருந்தன.

ஆபத்து தீர்ந்ததா? இல்லை. 1983-ல் இத்தாய் அணை வந்தது. முன்பெல்லாம் கோடையில் ஏரி நீர் வற்றும். பும்டி தரை தட்டி, சேற்றில் இருந்து சத்தை எடுத்துக்கொண்டு தடிக்கும். அணை வந்த பிறகு நீர் வற்றுவதில்லை. பும்டி மெலிகிறது. மெலிந்த தரை மானின் பாரத்தைத் தாங்குமா?

மான்களின் எண்ணிக்கை உயர்ந்தது என்று மகிழ்ந்து இருந்துவிட முடியாது. அவற்றின் காலடித் தரை எத்தனை கனம் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டியிருக்கிறது.