அயல் மாகாண மாணாக்கரும் உபகாரச் சம்பளமும்

ஒரு தேசத்தின் பிரஜை தன் தேசத்திலேயே உள்ள பொதுச் சர்வகலாசாலை ஒன்றின் வாயிலில் நிற்கிறான். "நீ எந்த மாகாணத்தான்?" என்பதே அங்கு அவனிடம் கேட்கப்படும் முதற் கேள்வி. அவன் கூறும் விடையைப் பொறுத்து அவன் செலுத்தவேண்டிய கட்டணம் பன்மடங்கு மாறுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கல்வி நிலை இது. 2024-25 கல்வியாண்டுக்கு அந்நாட்டுக் காலேஜ் போர்டு ஸ்தாபனத்தார் வெளியிட்ட கணக்கின்படி, நான்காண்டுப் பொதுக் கலாசாலைகளில் சொந்த மாகாணத்தாரின் சராசரிக் கட்டணம் 11,610 டாலர். அயல் மாகாணத்தாருக்கோ 30,780 டாலர். உண்டி, உறையுள், புத்தகச் செலவுகள் இதற்குப் புறம்பானவை.

இவ்விஷயத்தில் நமக்கென்ன என்று நேயர்களிற் சிலர் வினவலாம். நம்மவர் குடும்பங்கள் பல அந்நாட்டில் வேரூன்றியிருக்கின்றன. இங்கிருந்தும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் அங்கே கற்கச் செல்கின்றனர். வழி அறியாமையால் கடன்படும் தகப்பன்மாருக்கு வழியை எடுத்துரைப்பது பத்திரிகையின் கடமைகளில் ஒன்றென நாம் கருதுகிறோம்.

இவ்வேற்றுமைக்கு மாகாணத்தார் கூறும் நியாயம் எளிது. "எங்கள் குடிகளின் வரிப்பணத்தால் நடக்கும் கலாசாலை இது, வரி செலுத்தாதவன் அதிகம் கொடுப்பதே முறை" என்கின்றனர். இதில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மையன்று. 1862-இல் லிங்கன் கையொப்பமிட்ட மாரில் சட்டத்தின்படி, காங்கிரஸில் ஒவ்வொரு மாகாணத்திற்கும் இருந்த அங்கத்தினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் மத்திய சர்க்கார் நிலம் வழங்கியது. அந்நிலத்தின் வருவாயைக்கொண்டு எழுந்த சர்வகலாசாலைகள் பல. அந்நிலமோ ஆதிக்குடிகளிடமிருந்து பெறப்பட்டு, தேசம் முழுவதற்கும் உரியதெனக் கருதப்பட்டது. தேசத்தின் முதலைக்கொண்டு எழுந்த வீட்டில், தேசத்துப் பிள்ளையொருவனை முற்றிலும் அந்நியனாக நடத்துவது எவ்வாறு பொருந்தும்?

நியாயஸ்தலங்கள் இதனை ஆராயாமலில்லை. ஒருவன் விண்ணப்பிக்கும் காலத்தில் அயல் மாகாணத்தானாக இருந்தால் படிப்பு முடியும்வரை அவன் அயலானே என்று கனெக்டிகட் மாகாணம் சட்டம் செய்தது. 1973-இல் விளாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில் அந்நாட்டு உச்ச நியாயஸ்தலம் அதனைச் செல்லாதென்று தள்ளியது. குடியிருப்பை மெய்ப்பிக்க ஒருவனுக்குச் சந்தர்ப்பமே அளியாதிருப்பது முறையன்று என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் மெய்யாகவே அயலாராயிருப்போரிடம் அதிகக் கட்டணம் வாங்கும் உரிமையை அது மறுக்கவில்லை. ஆகவே வேற்றுமை நிலைத்தது. பெரும்பாலும் பன்னிரண்டு மாத வாசமும் அங்கேயே தங்கும் எண்ணமும் நிரூபிக்கப்படவேண்டும். படிப்பின் நிமித்தம் மட்டும் வந்து தங்குவது கணக்கில் சேராது. பெற்றோரை அண்டி வாழும் மாணாக்கனுக்குப் பெற்றோரின் ஊரே ஊர். இரண்டாம் ஆண்டில் உள்ளூர்க் கட்டணத்திற்கு மாறிவிடலாமென்று மனக்கோட்டை கட்டிப் புறப்படுவோர் இதனை நன்கு சிந்திப்பார்களாக.

இனி, திறந்திருக்கும் வாயில்கள் எவையெனக் காண்போம்.

முதலாவது, மாகாணங்கள் தமக்குள் செய்துகொண்டுள்ள உடன்படிக்கைகள். மேற்கு மாகாணங்களின் மாற்றுத் திட்டத்தில் சேர்ந்த கலாசாலைகள், அத்திட்டத்தின்கீழ் எடுத்துக்கொள்ளும் மாணாக்கரிடம் உள்ளூர்க் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. தென் மாகாணங்களின் பொதுக் கல்விச் சந்தை என்னும் ஏற்பாட்டில், சொந்த மாகாணத்தில் இல்லாத பாடத்தைப் பயில அயல் மாகாணம் செல்வோன் உள்ளூர்க் கட்டணமே செலுத்தலாம். நியூ இங்கிலாந்து மாகாணங்களும் மத்திய மேற்கு மாகாணங்களும் இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. மினசோட்டாவும் விஸ்கான்சினும் தமக்குள் தனி உடன்படிக்கை செய்துகொண்டுள்ளன. எல்லாக் கலாசாலைகளும் எல்லாப் பாடங்களும் இவற்றில் சேரா, கேட்டறிந்தே நம்பவேண்டும்.

இரண்டாவது, தேவை பற்றிய உதவி. 'பாப்ஸா' என வழங்கும் மத்திய சர்க்காரின் இலவச விண்ணப்பமே இதற்குத் திறவுகோல். அதன்வழிக் கிடைக்கும் பெல் மானியம் மாணாக்கன் எம்மாகாணம் சென்றாலும் உடன் செல்லும். 2024-25-இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். மாகாண மானியங்கள் பெரும்பாலும் அத்தகையன அல்ல. லாட்டரி வருவாயைக் கொண்டு 1993-இல் ஜார்ஜியா தொடங்கிய 'ஹோப்' உபகாரச் சம்பளம் அம்மாகாணத்தார் அம்மாகாணத்திலேயே படிப்பதற்கு உரியது. வெர்மாண்டோ தன் பிள்ளை வெளியே சென்றாலும் மானியத்தை உடன் அனுப்பும் பெருந்தன்மை உடையது. சர்வகலாசாலைகளில் வர்ஜீனியாவும் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லும், தாம் சேர்த்துக்கொள்ளும் அயல் மாகாணத்தாரின் தேவையையும் முழுவதும் நிறைவு செய்வதாக வாக்களித்துள்ளன. இத்தகையவை அரிது, ஆதலால் அவற்றில் இடம் கிடைப்பதும் அரிது.

மூன்றாவது, தகுதி பற்றிய உபகாரச் சம்பளம். அலபாமா சர்வகலாசாலை இதில் பெயர்பெற்றது. பள்ளி மதிப்பெண் இவ்வளவு, எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. பரீட்சையில் இவ்வளவு என்றால் அயல் மாகாணத்தானுக்கு இவ்வளவு தொகை என்று அட்டவணையிட்டு வெளிப்படையாக அறிவித்துவருகிறது. சாப்பல் ஹில்லின் மோர்ஹெட்-கெயின், வர்ஜீனியாவின் ஜெபர்சன் ஆகிய உபகாரச் சம்பளங்களோ மிகச் சிலரைப் பொறுக்கியெடுத்து முழுச் செலவையும் ஏற்பன. பல கலாசாலைகளில் இவற்றுக்குரிய கெடு, சேர்க்கைக்குரிய இறுதிக் கெடுவுக்கு முன்னரே முடிந்துவிடும். கெடு தவறியவனுக்குத் தகுதியிருந்தும் பயனில்லை.

இங்கே நாம் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லவேண்டும். 2008-இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் மாகாண சர்க்கார்கள் கல்விக்கு அளிக்கும் நிதியைக் குறைத்தன. கலாசாலைகள் அயல் மாகாணத்தாரைத் தேடலாயின. 30,780 டாலர் கட்டணத்தில் 10,000 டாலரை "உபகாரச் சம்பளம்" என்று கழித்துக்கொண்டாலும் மாணாக்கன் 20,780 டாலர் செலுத்துகிறான். இது உள்ளூர் மாணாக்கனிடம் வாங்குவதைக் காட்டிலும் 9,170 டாலர் அதிகம்! பெயர் சன்மானம், செயல் வியாபாரம். எல்லாக் கலாசாலைகளும் இவ்வாறே என்று நாம் கூறவில்லை. ஆனால் செல்வன் வீட்டுப் பிள்ளையைக் கவரச் செலவாகும் பணம், அதே மாகாணத்து ஏழைப் பிள்ளையின் தேவைக்கு உதவாமற் போகுமாயின், அதனைப் பொதுக் கலாசாலை என்று அழைப்பது எப்படி?

ஆகவே சன்மானக் கடிதத்தைக் கண்டு மயங்கலாகாது. கொடை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்தறிதல் வேண்டும். கடனையும் "உதவி" என்றே எழுதும் வழக்கம் அங்குண்டு. அந்நாட்டுக் காங்கிரஸின் தணிக்கை இலாகா 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு 91 கலாசாலைகள் மாணாக்கன் உண்மையில் செலுத்தவேண்டிய தொகையைத் தம் கடிதத்தில் கூறாமலோ குறைத்தோ காட்டுகின்றன என மதிப்பிட்டது. வக்கீலிடம் காட்டாமல் பத்திரத்தில் கையொப்பமிடாதவர்கூட, நான்காண்டுக் கடனுக்கு ஒரு மாலைப்பொழுதில் சம்மதித்துவிடுகின்றனர். உபகாரச் சம்பளம் நான்காண்டும் நீடிக்குமா, எவ்வளவு மதிப்பெண் குறைந்தால் நின்றுபோகும், கட்டணம் உயரும்போது அதுவும் உயருமா, வெளியார் தரும் பரிசைக் காட்டிக் கலாசாலை தன் கொடையைக் குறைத்துக்கொள்ளுமா என்று எழுத்து மூலம் கேட்டறிக. கடைசியாகச் சொன்ன அநீதியை மேரிலாந்து மாகாணம் 2017-இல் தன் பொதுக் கலாசாலைகளில் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. இத்தகைய சட்டமில்லாத இடங்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். நிகரச் செலவைக் கணக்கிடும் கருவியை ஒவ்வொரு கலாசாலையும் 2011 முதல் வைத்திருக்கவேண்டுமென்பது சட்டம். அதில் அயல் மாகாணத்தான் என்று குறித்தே கணக்கிடுக.

நம் நாட்டிலிருந்து மாணாக்கர் அனுமதிச் சீட்டில் செல்வோருக்கு மத்திய சர்க்காரின் மானியம் கிடையாது. அவர்கள் செலுத்துவதும் பொதுவாக அயல் மாகாணக் கட்டணமே. அங்கே தொழில் அனுமதியில் வாழும் நம்மவரின் பிள்ளைகள், மழலைப் பருவமுதல் அந்நாட்டிலேயே வளர்ந்திருப்பினும், நிரந்தர வாச உரிமை பெறாதவரை அம்மானியத்திற்கு உரியவரல்லர். இருபத்தொன்றாம் வயதில் பெற்றோரைச் சார்ந்த அனுமதியும் அவர்களுக்கு முடிந்துவிடுகிறது. தாம் வளர்ந்த ஊரிலேயே விருந்தாளியாக நிற்கும் இவ்விளைஞரின் நிலை இரங்கத்தக்கது. தகுதி பற்றிய உபகாரச் சம்பளத்தை இவர்களுக்கு அளிக்கும் கலாசாலைகள் உண்டு. குடியுரிமை நிபந்தனை உண்டா என்பதை முதலிலேயே வினவுதல் நலம்.

பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே: தூரத்துக் கலாசாலையின் புகழுக்காகப் பிள்ளையின் இளமையை அடகு வைக்காதீர்கள். சொந்த மாகாணத்துக் கலாசாலையின் நான்காண்டுச் செலவை ஒரு தட்டிலும், அயல் மாகாணத்துச் செலவிலிருந்து கொடையை மட்டும் கழித்து வரும் தொகையை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பாருங்கள். சர்வகலாசாலையாருக்கும் ஒன்று கூறுவோம். அறிவைத் தேடி எல்லை கடந்து வருவோனிடம் அதிகம் வாங்குவது உங்கள் உரிமையாயிருக்கலாம். எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதை முதற் கடிதத்திலேயே ஒளிக்காமற் சொல்லுவது உங்கள் கடமை. அக்கடமையைச் செய்யாதவரை, தகுதிக்குத் தரும் சன்மானம் என்னும் பேச்சு வெறும் விளம்பரமே.