வீடு தேடி வரும் மருந்து: நாம் அறிந்திருக்க வேண்டியவை

நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்தெடுப்போர் இன்று எமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் பல வீடுகளில் உள்ளனர். இந்நோய்கள் ஒரு கிழமை மருந்தோடு தீர்ந்துவிடுவன அல்ல. மாதந்தோறும் மருந்து வேண்டும். பலருக்கு ஆயுள் முழுவதும் வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். ஆனால் அங்கு போய்வருவது இலவசமன்று. பஸ் கட்டணம், கூடவரும் மகனின் அல்லது மகளின் ஒருநாட் கூலி, விடியற்காலையில் இருந்து வரிசையில் நிற்கும் சிரமம் எல்லாம் அதில் அடங்கும். இதனாலேயே பலர் "இருக்கிற குளிசையைப் பாதி பாதியாகப் போட்டு அடுத்த மாதம் மட்டும் சமாளிப்போம்" என்கின்றனர். இது ஆபத்தான சிக்கனம். வலிப்பு மருந்து திடீரென நின்றால் வலிப்புத் தொடர்ச்சியாக வரலாம். குருதியமுக்க மருந்து நின்றால் பாரிசவாதம் வரலாம். உடலில் நோவு இல்லாதபடியால் நோயும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

ஆகவே, மருந்தை வீட்டுக்கு எடுப்பிக்கும் வழிகள் எவை, அவற்றில் எதனைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

வழி எப்படித் திறந்தது?

2020 மார்ச் 20ஆந் திகதி கொரோனாத் தொற்றின் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கிளினிக் நோயாளர் வெளியே செல்ல முடியவில்லை. அப்போது அரசாங்க வைத்தியசாலைகளில் பதிவுள்ள நோயாளருக்கு மருந்துகளைப் பொதி செய்து, தபால் திணைக்களத்தின் ஊடாக வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. தனியார் பாமசிகளும் மருந்துத் துண்டின் படத்தை வட்ஸ்அப், வைபர் மூலம் பெற்று மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தன. ஊரடங்கு முடிந்தபின்னரும் இப்பழக்கம் பல இடங்களில் நிலைத்துவிட்டது.

உங்கள் வைத்தியசாலையில் இப்போது என்ன ஒழுங்கு உள்ளது என்பதைக் கிளினிக் தாதியிடம் நேரில் கேளுங்கள். மருந்தைத் தபாலில் அனுப்புவார்களா? உறவினர் ஒருவர் கிளினிக் கொப்பியுடன் வந்தால் கொடுப்பார்களா? வீட்டுக்குக் கிட்டவுள்ள சிறிய வைத்தியசாலைக்கு மாற்றித் தருவார்களா? கேட்பது எமது உரிமை.

பாமசிக்குத் துண்டை அனுப்பும்போது

முதலாவதாக, பாமசி அனுமதிப்பத்திரம் பெற்றதா என்று பாருங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையே இதற்குப் பொறுப்பு. பாமசியில் தகைமை பெற்ற மருந்தாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். முன்பின் தெரியாதவர் கைத்தொலைபேசியில் "மலிவாகத் தருகிறோம், துண்டு தேவையில்லை" என்றால் அவரிடம் மருந்து வாங்க வேண்டாம்.

இரண்டாவதாக, துண்டு முழுவதும் தெரியும்படி வெளிச்சத்தில் வைத்துப் படமெடுங்கள். நோயாளியின் பெயர், வயது, திகதி, வைத்தியரின் கையொப்பம் யாவும் தெரிய வேண்டும். பாதித் துண்டை அனுப்பினால், தெரியாத பகுதியை ஊகித்து மருந்து கொடுக்கப்பட இடமுண்டு.

மூன்றாவதாக, அந்நோயாளி எடுக்கும் ஏனைய மருந்துகளையும், முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்துகளையும் தொலைபேசியில் சொல்லுங்கள். நேரே போனால் மருந்தாளர் கேட்டிருப்பார். தூரத்தில் இருக்கும்போது நாமே சொல்ல வேண்டும்.

நான்காவதாக, மருந்தின் விலையையும் கொண்டுவரும் கூலியையும் வேறு வேறாகப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பொதி வந்ததும்

கொண்டுவந்தவர் நிற்கும்போதே பொதியைத் திறந்து பாருங்கள். மருந்தின் பெயர், அதன் அளவு, காலாவதித் திகதி, குளிசைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் துண்டுடன் ஒப்பிடுங்கள். 5 மில்லிகிராம் எழுதிய இடத்தில் 50 வந்தால் அது சிறு பிழையன்று.

பெயர் விடயத்தில் ஒரு விளக்கம் தேவை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பொதுப்பெயர் உண்டு. அதே மருந்தைப் பல கொம்பனிகள் தத்தம் பெயரில் விற்கின்றன. உதாரணமாக, நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெட்போமின் என்பது பொதுப்பெயர். பெட்டியில் வேறு பெயர் பெரிதாகவும் இது சிறிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். வைத்தியர் துண்டில் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மருந்துகளைப் பொதுப்பெயரில் வாங்கி மக்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்று வாதாடிய பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது.

இது எமக்கு ஏன் முக்கியம்? பழைய பெட்டியில் ஒரு பெயரும் புதிய பெட்டியில் இன்னொரு பெயரும் இருந்தால், அவை இரண்டு மருந்துகள் என நினைத்து இரண்டையும் போடுவோர் உளர். நீரிழிவுக் குளிசையை இப்படி இரட்டிப்பாகப் போட்டால் சீனி இறங்கி மயக்கமடைய நேரிடலாம். ஆகவே பெட்டியின் நிறத்தையும் குளிசையின் வடிவத்தையும் நம்பாது, பொதுப்பெயரை வாசியுங்கள். வாசிக்க இயலாத முதியோருக்குப் பாடசாலை செல்லும் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

இன்சுலின் பற்றி

திறக்காத இன்சுலினை 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பெட்டியிலோ பஸ்ஸின் முன்பக்கத்திலோ மத்தியான வெயிலில் வரும் இன்சுலின் பழுதடையலாம். காலையில், குளிரூட்டிய பையில் அனுப்பும்படி கேளுங்கள். ஐஸ் கட்டியில் நேரடியாகப் படவும் கூடாது. உறைந்த இன்சுலின் உதவாது.

குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில், உபயோகத்தில் உள்ள போத்தலை நீர்புகாத உறையிலிட்டு, நீரூற்றிய மண்பானையில் நிழலில் வைக்கலாம். பொதுவாகத் திறந்த போத்தலை 4 கிழமைகளுக்கு மேல் பாவிக்கக் கூடாது. திறந்த திகதியைப் போத்தலில் எழுதிவிடுங்கள்.

மருந்து வரும், பரிசோதனை வராது

வீட்டுக்கு மருந்து வரத்தொடங்கியதும் சிலர் கிளினிக்குக்குப் போவதையே விட்டுவிடுகின்றனர். இங்கேதான் பெரிய ஆபத்து உள்ளது. மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்பது குருதிப் பரிசோதனையிலும் அமுக்கத்தை அளப்பதிலுமே தெரியும். குருதி உறைதலைத் தடுக்கும் வாபரின் எடுப்போருக்கு இது உயிர்ப் பிரச்சினை. நீரிழிவு நோயாளியின் காலிலுள்ள சிறு புண்ணைத் தபால்காரர் பார்க்கமாட்டார். ஆகவே வைத்தியர் குறித்த திகதியில் நேரே போகத்தான் வேண்டும்.

புதிதாக வந்த காய்ச்சல், குழந்தையின் வயிற்றோட்டம் ஆகியவற்றுக்குப் பழைய துண்டை அனுப்பி மருந்து எடுப்பிக்க வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கக் கைகால் விழுதல் ஏற்பட்டால் தாமதியாது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் சேவையைப் பெறுங்கள்.

கூட்டாகச் செய்யக்கூடியது

பட்டினத்திலிருந்து தூரத்திலுள்ள ஊருக்கு ஒரு வீட்டுக்காக மட்டும் யாரும் மருந்து கொண்டுவர விரும்பமாட்டார்கள். பத்து வீடுகள் சேர்ந்தால் நிலைமை வேறு. மாதர் சங்கமோ மரண உதவிச் சங்கமோ பின்வருமாறு தொடங்கலாம்:

1. மாதாந்தம் மருந்தெடுப்போரின் பட்டியலை அவர்களது சம்மதத்துடன் தயாரித்தல்.
2. மருந்து முடிய 7 நாட்களுக்கு முன்பே துண்டுகளைச் சேர்த்தல்.
3. ஒரே நாளில் ஒரே பாமசியிலிருந்து எடுப்பித்து, கூலியைப் பங்கிடுதல்.
4. வைத்தியசாலை அனுமதித்தால், கிளினிக் கொப்பிகளுடன் முறைவைத்து ஒருவர் போய்வருதல்.

ஒன்றை மறத்தலாகாது. ஒருவரின் துண்டு அவரது அந்தரங்கம். மனநோய்க்கோ காசநோய்க்கோ மருந்தெடுப்பவரின் பெயர் கிணற்றடியில் பேசப்பட்டால், அடுத்த மாதம் அவர் துண்டைத் தரமாட்டார், மருந்தையும் நிறுத்திவிடுவார். எனவே பொதிகளை மூடி ஒட்டி, பெயரை மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்காக்கக்கூடிய ஒருவரையே இப்பணிக்குத் தெரிவுசெய்யுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். உங்கள் ஊரில் இந்த மாதம் மருந்தின்றி இருப்பவர் யார் என்ற கேள்வியோடு தொடங்கலாம்.