பார்க்காமலே கண்டுபிடித்த தீவு

ஒரு தீவை நேரில் பார்க்காமல், மேசை முன்னால் உட்கார்ந்தே கண்டுபிடிக்க முடியுமா? நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் அது உண்மை!

பூமி உருண்டையின் உச்சியில் ஆர்க்டிக் பெருங்கடல் இருக்கிறது. அதில் ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பகுதிதான் காரா கடல். 1912-ல் 'புனித அன்னா' என்ற ரஷ்யக் கப்பல் அங்கே பனியில் மாட்டிக்கொண்டது. பனி நகர்ந்த பக்கமெல்லாம் கப்பலும் நகர்ந்தது. ஒன்றரை வருஷம் இப்படியே போச்சு! ஆனாலும் கப்பல் எங்கே இருக்கு, காற்று எந்தப் பக்கம் வீசுது என்று எழுதி வைத்தார்கள்.

1914 ஏப்ரலில் அல்பானவ் என்ற மாலுமியும் 13 பேரும் பனிமேல் நடந்தே கிளம்பினார்கள். 3 பேர் திரும்பிட்டாங்க. மிச்சம் 11 பேரில் உயிர் பிழைத்தது 2 பேர்தான். கப்பலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. அவர்களில் எர்மினியா ஷ்தான்கோ என்ற செவிலியர் அக்காவும் ஒருவர். அதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஆனால் அல்பானவ் அந்தக் குறிப்புகளைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்.

1924-ல் விளாதிமிர் வீசே என்ற விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்தார். பூமி சுழல்வதால், வடதுருவப் பக்கம் மிதக்கும் பனி, காற்று தள்ளும் திசைக்குக் கொஞ்சம் வலது பக்கமாகப் போகும். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் கப்பல் அப்படிப் போகவில்லை. ஏன்? கிழக்கே ஏதோ நிலம் பனியைத் தடுக்கிறது என்று வீசே கணக்குப் போட்டு, வரைபடத்தில் குறித்தார்.

1930 ஆகஸ்டில் 'கியோர்கி செதோவ்' கப்பல் அங்கே போனது. வீசேயும் அதில் இருந்தார். அவர் சொன்ன மாதிரியே அங்கே தீவு இருந்தது! அதற்கு 'வீசே தீவு' என்றே பெயர் வைத்தார்கள்.

அது தட்டையான தீவு. பரப்பு ஏறக்குறைய 290 சதுர கி.மீ. குளிர்காலத்தில் ஏறக்குறைய நாலு மாசம் சூரியனே வராது. ஊர், வீடு எதுவும் கிடையாது. வானிலை நிலையம் மட்டும் அமைத்தார்கள்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். அறிவியல் நோட்டில் தினமும் வெப்பநிலை எழுதச் சொன்னால், நான் சில நாள் பார்க்காமலே குத்துமதிப்பாக எழுதிடுவேன். பனியில் மாட்டியவர்களும் அப்படி எழுதியிருந்தால், வீசேயால் அந்தத் தீவைச் சொல்லியிருக்க முடியுமா? இனிமேல் நான் பார்த்துத்தான் எழுதுவேன். நீங்களும்தானே?



– 9-ஆம் வகுப்பு மாணவி