ஹவாய் தீவுக்குப் போன கொரியப் பெண்களும் அவங்க போட்ட சீட்டும்



கொரியா என்றதும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் இப்போது டிவித் தொடரையும் பாட்டையும்தான் சொல்வார்கள். கார் கம்பெனி, போன் கம்பெனி என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் அது பஞ்சத்தில் தவித்த நாடு. அங்கிருந்து கப்பலேறி, பசிபிக் கடலின் நடுவில் இருக்கிற ஹவாய் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

அந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வங்கி உதவி இல்லாமல், பத்திரம் இல்லாமல், அந்தப் பெண்கள் தங்களுக்குள் பணம் சேர்த்துக் கொடுத்து வாங்கின விதம் இருக்கிறதே, அதை நம்ம குழுக்காரங்க தெரிஞ்சுக்கணும். அதில் நல்லதும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது.

கரும்புத் தோட்டம் கூப்பிட்டது

ஹவாய் பல தீவுகள் சேர்ந்த இடம். கொரியாவிலிருந்து 7,000 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். ராணி ஆண்ட தனி நாடாக இருந்த அதை 1898-ல் அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே கரும்புத் தோட்ட முதலாளிகள் வைத்ததுதான் சட்டம். முதலில் சீனாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். பிறகு சீனக் கூலியாட்கள் வரக்கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் ஹவாய்க்கும் வந்துவிட்டது. ஜப்பானியர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் எண்ணிக்கை பெருகியதும் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்யத் தொடங்கினார்கள். உடனே முதலாளிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். வேறொரு நாட்டு ஆட்களைக் கொண்டுவந்து நடுவில் விட்டால் ஒற்றுமை உடையும், கூலியும் ஏறாது. இந்தக் கணக்கு உலகத்தில் எந்தத் தோட்டத்துக்கும் புதுசு இல்லை.

கொரியாவில் 1901-ல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஹோரஸ் ஆலன் என்பவர் மன்னர் கோஜோங்கிடம் பேசி, ஆட்களை அனுப்ப அனுமதி வாங்கினார். ஆனால் முன்னோர் சமாதி இருக்கும் மண்ணை விட்டுப் போக ஜனங்கள் தயங்கினார்கள். இன்சியான் என்ற துறைமுக ஊரில் இருந்த ஜோன்ஸ் என்ற பாதிரியார் தன் சபையாரிடம் எடுத்துச் சொன்ன பிறகுதான் பலர் துணிந்தார்கள். 1902 டிசம்பரில் அந்தத் துறைமுகத்திலிருந்து முதல் கூட்டம் புறப்பட்டது. வழியில் ஜப்பானில் மருத்துவச் சோதனை. அதில் தேறாதவர்களை அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீதி 102 பேர் கேலிக் என்ற கப்பலில் 1903 ஜனவரி 13 அன்று ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அதே 1903-ல்தான் நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். பாரதியார் மனம் நொந்து பாடினாரே, அதே பிஜித் தீவுதான். அதுவும் பசிபிக் கடல்தான், அதுவும் கரும்புதான்.

1905 வரைக்கும் ஏறக்குறைய 7,000 கொரியர்கள் ஹவாய் போனார்கள். பெரும்பாலும் ஆண்கள். பத்து ஆணுக்கு ஒரு பெண் என்றுதான் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் வேலை. ஆணுக்குக் கூலி மாதம் 16 டாலர் அளவுக்கு. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. (இதைச் சொல்லவே தேவையில்லை இல்லீங்களா?) ஒவ்வொருத்தருக்கும் எண் போட்ட ஒரு வில்லை கொடுப்பார்கள். கூலி வாங்குவதும் கம்பெனிக் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்குவதும் எல்லாம் அந்த எண்ணில்தான். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். குதிரையில் உட்கார்ந்து மேற்பார்வை செய்கிற கங்காணிக்கு அங்கே 'லூனா' என்று பெயர்.

1905-ல் கொரிய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. மெக்சிகோ நாட்டுக்குப் போன கொரியத் தொழிலாளர்கள் அடிமை மாதிரி நடத்தப்பட்ட செய்தி ஒரு காரணம். ஜப்பான் கொடுத்த நெருக்கடி இன்னொரு காரணம். அந்த வருடக் கடைசியிலேயே கொரியா ஜப்பானின் பிடிக்குள் போனது. 1910-ல் ஜப்பான் நாட்டையே எடுத்துக்கொண்டது. நாலு காசு சம்பாதித்து ஊர் திரும்பலாம் என்று வந்தவர்களுக்குத் திரும்பிப் போக நாடு இல்லை. தோட்ட லயங்களில் கல்யாணம் ஆகாத ஆயிரக்கணக்கான ஆண்கள். சம்பளம் சூதிலும் குடியிலும் கரைந்தது.

போட்டோவைப் பார்த்துக் கல்யாணம்

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹவாயில் இருக்கிற ஆண் தன் போட்டோவை ஊருக்கு அனுப்புவான். தரகர் அதைப் பெண் வீட்டில் காட்டுவார். பெண்ணின் போட்டோ இங்கே வரும். இரண்டு பக்கமும் சரி என்றால் மாப்பிள்ளை கப்பல் கூலி அனுப்புவான், பெண் புறப்பட்டு வருவாள். 1910-லிருந்து 1924 வரைக்கும் பல நூறு பெண்கள் இப்படி வந்தார்கள். ஆயிரத்தை நெருங்கும் என்று சொல்பவர்களும் உண்டு. கொரியாவின் தெற்கே இருக்கும் கியோங்சாங் பகுதிப் பெண்கள் இவர்களில் அதிகம்.

வறுமை மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். படிக்க ஆசைப்பட்டுக் கிளம்பிய பெண்கள் இருந்தார்கள். ஜப்பான் ஆட்சியில் இருக்கப் பிடிக்காமல் கிளம்பியவர்கள் இருந்தார்கள். மாமியார் வீட்டு அடிமைத்தனம் வேண்டாம் என்று கடலைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். ஆக, பாதிப் பேராவது தானே முடிவெடுத்து வந்தவர்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் கப்பலை விட்டு இறங்கியதும் பலருக்கு நெஞ்சு உடைந்தது. போட்டோவில் இருந்தது பத்து வருடத்துக்கு முந்தின முகம். வெயிலில் கருகி, முடி நரைத்து, அப்பா வயசில் ஒருத்தர் நிற்கிறார். பெண்ணுக்கு வயசு பதினெட்டு, இருபது. மாட்டேன் என்று அழுதவர்கள் உண்டு. சிலர் திரும்பியும் போனார்கள். ஆனால் திரும்பக் காசு வேண்டுமே, ஊரில் என்ன பேசுவார்களோ என்ற பயம் வேறு. பெரும்பாலானவர்கள் அங்கேயே மோதிரம் மாற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள்.

வயசு வித்தியாசத்தின் பலன் பின்னால் தெரிந்தது. புருஷனுக்கு உடம்பு தளர்ந்துபோகும்போது மனைவிக்கு முப்பது, முப்பத்தைந்து வயசுதான். கையில் நாலைந்து பிள்ளைகள். பலர் சின்ன வயசிலேயே விதவை ஆனார்கள். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் வேலை பெண் தலையில் வந்து விழுந்தது. கல்யாணம் ஆகாத தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள், துணி துவைத்துக் கொடுத்தார்கள். விடியுமுன் எழுந்து, வரிசையாக டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, தானும் வயலுக்குப் போன பெண்கள் உண்டு. வஹியாவா என்ற ஊரில் அமெரிக்க ராணுவ முகாம் இருந்தது. அங்கே சிப்பாய்களுக்குத் துணி துவைப்பதும் தைப்பதும் கொரியக் குடும்பங்களின் தொழிலாக வளர்ந்தது.

'கியே' என்ற சீட்டு

சலவைக்கடை வைக்க வேண்டும், தையல் மிஷின் வாங்க வேண்டும், பத்து அறை உள்ள வீட்டைக் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்த வேண்டும். முதலுக்கு எங்கே போவது? சொத்து கிடையாது. ஆசியாவில் பிறந்தவர்கள் குடியுரிமை கேட்கவே முடியாத காலம் அது. வங்கிக் கதவு இவர்களுக்கு லேசில் திறக்காது. அப்போது கைகொடுத்தது ஊரிலிருந்து மனசில் கொண்டுவந்த ஒரு பழக்கம். அதன் பெயர் 'கியே'.

கொரியக் கிராமங்களில் சாவு செலவுக்கு, கல்யாணச் செலவுக்கு என்று பல தலைமுறையாகவே கியே உண்டு. ஹவாயில் பெண்கள் அதை எப்படி நடத்தினார்கள் என்று ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். பத்துப் பேர் சேருகிறார்கள். ஆளுக்கு மாதம் 5 டாலர். மாதம் 50 டாலர் சேரும். அந்த 50-ஐ ஒரு மாதம் ஒருத்தர் எடுப்பார். பத்து மாதத்தில் எல்லோரும் ஒருமுறை எடுத்திருப்பார்கள். யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டோ, பேசியோ முடிவு செய்வார்கள். முதலில் எடுத்தவர் அடுத்த மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதும் உண்டு. அந்தக் கூடுதல் கடைசியில் எடுப்பவருக்குப் போய்ச் சேரும். அதாவது முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. நம்ம ஊர்ச் சீட்டு தெரிந்தவங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதை ஒரே ஊர்க்காரப் பெண்கள், ஒரே சர்ச்சுக்குப் போகும் பெண்கள் சேர்ந்து நடத்தினார்கள். கூட்டத்தன்று சாப்பாடு, பேச்சு, ஊர்க் கடிதத்தை வாசித்துக் காட்டுவது எல்லாம் நடக்கும். இந்தப் பணத்தில் விடுதி, சலவைக்கடை, தையல் கடை எழுந்தன. பிள்ளைகளின் படிப்புச் செலவும் இதிலிருந்து போனது. ஹவாய்க்கு வந்த கூலித் தொழிலாளர்களில் தோட்டத்தை விட்டு வேகமாக நகரத்துக்கு நகர்ந்தவர்கள் கொரியர்கள்தான் என்கிறார்கள். அதில் பெண்களின் இந்தச் சீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிக்கலையும் சொல்ல வேண்டும். கியேவில் எல்லாம் முகத்தை நம்பித்தான். சீட்டுப் பிடிக்கிற தலைவிதான் கணக்கு, அவர்தான் கஜானா. முதல் மாதம் பணத்தை எடுத்துக்கொண்டு ஒருத்தர் கட்டாமல் நின்றால் மற்ற ஒன்பது பேர் பணமும் ஆட்டம் காணும். தலைவியே ஊரை விட்டுப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். கொரிய மொழியிலும் இதைக் 'கியே உடைந்தது' என்றுதான் சொல்கிறார்கள். புகார் கொடுக்கப் பத்திரமும் இருக்காது. நம்ம குழுவில் சேமிப்பு குழுவின் பெயரில் வங்கியில் கிடக்கிறது. கடன் யாருக்கு என்பது தீர்மான நோட்டில் ஏறுகிறது. வட்டியும் குழுவுக்கே வருகிறது. தீர்மான நோட்டு எழுதச் சொன்னால் "எதுக்கு மேடம், எல்லாரும் நம்ம தெருக்காரங்கதானே" என்று சில குழுக்களில் சொல்கிறீர்கள். கியே உடைந்த பெண்களும் ஒரே தெருக்காரங்கதான்.

நாட்டு விடுதலைக்கும் கொடுத்தார்கள்

1905-ல் மூன்று பிள்ளைகளோடு ஹவாய் வந்த மரியா ஹ்வாங் என்ற அம்மா, 1913-ல் பெண்களைத் திரட்டிச் சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர். பிறகு 1919 மார்ச் 1 அன்று கொரியாவில் விடுதலைப் போராட்டம் வெடித்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், ஜப்பான் ராணுவம் சுட்டது. செய்தி ஹவாய் வந்ததும் அந்த வருடமே பெண்கள் 'கொரியப் பெண்கள் நிவாரணச் சங்கம்' அமைத்தார்கள். கிம்ச்சி ஊறுகாய் போட்டு விற்றார்கள், அரிசிப் பலகாரம் செய்து விற்றார்கள், தைத்து விற்றார்கள். அந்தப் பணம் போராட்டத்தில் அடிபட்டவர்கள் குடும்பங்களுக்கும், ஷாங்காய் நகரத்தில் நடந்த கொரியத் தற்காலிக அரசாங்கத்துக்கும் போனது. வாரம் ஆறு நாள் துணி துவைத்த கை கொடுத்த பணம் அது.

நடுவில் சண்டையும் வந்தது. சிங்மன் ரீ, பார்க் யோங்-மான் என்று இரண்டு தலைவர்கள். ஹவாய் கொரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சர்ச்சும் பிரிந்தது, பெண்கள் சங்கத்திலும் பிளவு வந்தது. 1928-ல் கியோங்சாங் பகுதிப் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். தலைவர்கள் சண்டையில் பெண்கள் சங்கம் ஏன் உடைய வேண்டும் என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் உடைந்த பிறகும் இரண்டு பக்கத்துப் பெண்களும் நாட்டுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இன்னொரு கொடுமை நடந்தது. 1941-ல் ஜப்பான் ஹவாயில் குண்டு போட்டது. கொரியா ஜப்பானின் கையில் இருந்ததால், ஜப்பானை எதிர்த்தே வாழ்ந்த இந்தக் கொரியர்களையும் 'எதிரி நாட்டார்' கணக்கில் வைத்தது அரசாங்கம். தாங்கள் கொரியர்கள் என்று எழுதிய பட்டனைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார்கள்.

1945-ல் கொரியா விடுதலை ஆனது. 1952-ல்தான் அமெரிக்கச் சட்டம் மாறி, போட்டோ கல்யாணத்தில் வந்த அம்மாக்கள் குடியுரிமை கேட்க முடிந்தது. அதற்குள் பலர் பாட்டி ஆகிவிட்டார்கள். 1965-ல் இன்னொரு சட்டம் வந்து, கொரியாவிலிருந்து புதுக் குடும்பங்கள் மறுபடி வரத் தொடங்கின. அவர்களும் கடை வைக்கக் கியேதான் போட்டார்கள். தோட்டத்து எண்ணில் கூப்பிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் ரொனால்ட் மூன் என்பவர் 1993-ல் ஹவாய் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். 2010 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

முதல் கப்பல் ஆட்கள் புறப்பட்ட இன்சியான் ஊரில் இன்ஹா என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1954-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. ஹவாய் கொரியர்கள் நடத்திவந்த பள்ளிக்கூடத்தின் இடத்தை விற்ற பணமும், அவர்கள் கொடுத்த நன்கொடையும் அதற்கு முதல். இன்சியானில் உள்ள 'இன்', கொரியர்கள் ஹவாயைச் சொல்லும் 'ஹா', இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் அது.