மெலியவைக்கும் பொடியும் கையில் இல்லாத ரசீதும்

மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துத் தருகிறோம் என்ற வாக்கை நம்பி, சீட்டுப் பணத்தை எடுத்துப் பொடி டப்பாக்களை வாங்கிக் குடித்து, படபடப்பும் மயக்கமும் கண்ட பிறகு, "இவர்கள்மேல் யாரிடம் புகார் செய்வது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியிருப்பது ரசீதைப் பற்றித்தான், அநேகமாக எவரிடமும் அது இருப்பதில்லை. காலி டப்பா பழைய பேப்பர்க்காரரிடம் போயிருக்கும்; விற்றவர் வாட்ஸப்பில் அனுப்பிய வாக்குறுதிகளைக் கோபத்தில் அழித்திருப்பார்கள். கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிற நம் ஜனங்கள், ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டுக் கேட்கக் கூச்சப்படுவது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

சரீர எடை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் அன்றாட ஆகாரத்தினாலும் நடமாட்டத்தினாலும் நிகழ்கிற காரியம். நாளொன்றுக்கு ஐந்து முறை டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்கிற ஒருவர், 50 கிராம் சர்க்கரையை, அதாவது சுமார் 200 கலோரியை, ஒரு கவளம் சோறு உண்ணாமலேயே உள்ளே அனுப்பிவிடுகிறார். அதைச் செலவழிக்க 60 கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடக்க வேண்டியிருக்கும். தெருமுனையில் பால் பாக்கெட் வாங்கவும் ஸ்கூட்டரைக் கிளப்புகிற குடும்பத்தில் அந்த நடைக்கு எங்கே போவது? விடியற்காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு, நேரே ஹோட்டலுக்குச் சென்று நெய்ப் பொங்கலும் வடையும் உண்டு, நடந்தும் இளைக்கவில்லையே என்று சலித்துக்கொள்கிற பெரியவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பொடியினால் எடை குறைவதில்லையா என்றால், சில நாள் குறையத்தான் செய்கிறது. காலைப் பலகாரம் முழுவதையும் நிறுத்திவிட்டு ஒரு தம்ளர் பானத்தோடு இருக்கச் சொன்னால் எவருக்கும் குறையும். அது பொடியின் மகிமையன்று, விடுபட்ட பொங்கலின் மகிமை. அதிலும் முதல் வாரத்தில் போவது பெரும்பாலும் நீர்தான்: ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து கரையும்போது, அதனோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அந்த இறக்கத்தைத் தராசில் காட்டித்தான் அடுத்த டப்பா விற்கப்படுகிறது. பழைய சாப்பாடு திரும்பினால் பழைய எடையும் திரும்பும்.

இதைவிட விபரீதம் ஒன்று உண்டு. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்தி இருதயத்துக்கு ஆபத்து விளைவிப்பதால், இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்டது. மூலிகை என்று பெயர் சூட்டிய மெலிவுப் பொருள்களில் அது ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றன. ஆகவே பொடி குடித்தபின் படபடப்பு கண்டால், "நச்சுநீர் வெளியேறுகிறது" என்று விற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிராமல், டப்பாவோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேளாமல் ஒரு வேளை உணவையும் விடலாகாது. திடீரென்று எடை கூடுகிறவர்களுக்குத் தைராய்டுக் குறையோ, உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தோ காரணமாக இருக்கலாம். அதை ரத்தப் பரிசோதனையும் டாக்டரும் சொல்ல வேண்டுமே தவிர, மாடி அறையில் எடை மெஷின் வைத்திருப்பவர் அல்ல.

இனி, முறையிடும் வழி. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் ஒன்று; அதைத் தீர்ப்பதாக ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே சட்டவிரோதம். இதற்கான புகார் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளருக்குப் போக வேண்டும். "இது மருந்தல்ல, உணவு" என்று விற்றவர் நழுவினால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது: அதன் 53ஆம் பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தப் புகார் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு உரியது. பொருளைப் பகுப்பாய்வு செய்விக்கும் உரிமையும் 40ஆம் பிரிவில் வாங்குபவருக்கு உண்டு. ஆனால் அந்த உத்தேசத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணத்தைத் திரும்பப் பெறுவது வேறு காரியம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, விற்றவருக்குப் பதினைந்து நாள் தவணை கொடுத்து ஸ்பீட் போஸ்டில், சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி, கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது, பணம் அனுப்பிய யூபிஐ பதிவு, தயாரிப்புத் தொகுதி எண் தெரியும்படியான டப்பா, விளம்பரத்தின் படம், டாக்டர் சீட்டு, இத்தனையும் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: டப்பாவை எறியாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள், ரசீது தர மறுப்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

அலுவலகத்தில் "இது எங்கள் துறையல்ல, அடுத்த கட்டடத்தில் கேளுங்கள்" என்ற வாடிக்கையான பதில் கிடைக்கக்கூடும். அதற்குத் தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிடுவதால்தான் அந்தப் பதில் இன்னும் செல்லுபடியாகிறது. மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியும் முத்திரையும் வாங்கிய பிறகே படியிறங்குங்கள். முத்திரை போட மறுத்தால், அன்றைக்கே அந்த மனுவை ஸ்பீட் போஸ்டில் அதே அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள்.