மீட்லோஃப்: அமெரிக்க வீட்டுக் கைப்பக்குவம்

அமெரிக்க வீடுகளில் பாட்டி, அம்மா, மகள் என்று கைமாறி வரும், கொத்துக்கறியை ஓவனில் சுட்டெடுக்கும் பண்டம் மீட்லோஃப். 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் சிக்கனக் குடும்பங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். கொஞ்சம் கொத்துக்கறியோடு ரொட்டித்தூளோ ஓட்ஸோ சேர்த்தால் வீடே சாப்பிடலாம். முட்டை, வெங்காயமும் உண்டு. ரொட்டித்தூளைப் பாலில் ஊறவைத்துச் சேர்த்தால் ஈரம் தங்கும், கறி வறளாது. அழுத்திப் பிசையாதீர்கள், இறுகிவிடும். மேலே பூசுவது தக்காளி கெச்சப்பா, கிரேவியா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் பிடிவாதம்! மிஞ்சியதை மறுநாள் சாண்ட்விச்சாகத் தின்பதுதான் பலருக்கு அசல் ருசி. செய்து பார்ப்பவர்கள் கவனிக்க: மாட்டுக்கறியானால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கறியானால் 74 டிகிரி எட்டிய பிறகே ஓவனிலிருந்து எடுங்கள்.